கறுப்பாக்காத வரி

1. நன்றி சொன்ன போன்கள்

பத்திரிகை அலுவலகத்தில் திட்டி வரும் போன் பழகிப்போன ஒன்று. இனிஷியல் தப்பு, காதுகுத்து விளம்பரத்தில் தாய்மாமன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று வாரா வாரம் யாராவது திட்டுவார்கள். நன்றி சொல்லி போன் வந்தால்தான் எங்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மூன்று நன்றி போன்கள் வந்தன.

திருத்தணியில் நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பக்கம் கட்டும் வேலை பார்த்தேன். டைப் அடிப்பது, புரூஃப் பார்ப்பது, லேஅவுட் போடுவது எல்லாம் நான்தான். முதலாளி, ஆசிரியர், விளம்பரம் பிடிப்பவர் மூன்றும் நாதமுனி சார். பூஜைச் சாமான் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும் திருப்பதி பஸ்ஸின் ஹாரனும்தான்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணை போடுவோம். மூன்று முக்கிய வேட்பாளர்கள், ஆறு கேள்விகள். குடிநீருக்கு என்ன செய்வீர்கள், தறிக்கு மின்சாரம், கரும்புக்கு விலை என்று போகும். ஐந்தாவது கேள்வி முந்தைய தேர்தலில் நான் பிடிவாதம் பிடித்துச் சேர்த்தது: "காவல் நிலையத்தில் ஒருவர் தாக்கப்பட்டால் யார் விசாரிக்க வேண்டும்? அதைத் தடுக்க என்ன மாற்றம் கொண்டு வருவீர்கள்?"

பெயர்கள் வேண்டாம். ஒருவர் ரைஸ்மில் வைத்திருந்தவர், மில்காரர். இன்னொருவர் ஒரு வக்கீலம்மா. மூன்றாமவர் ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்து பார்த்தவர், முன்னாள். மூவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். நாலு கேள்விக்கு மளமளவென்று சொன்னார்கள். ஐந்தாவதைக் கேட்டதும் மூன்று பேரும் தண்ணீர் கேட்டார்கள். வேறு வேறு நாள், வேறு வேறு வீடு. குடித்துவிட்டு மூவரும் "அத அப்புறம் சொல்றேம்மா" என்றார்கள். சொல்லவே இல்லை.

இப்போது என் வேலை முறையைச் சொல்ல வேண்டும். அட்டவணையைப் புதிதாகப் போட மாட்டேன். போன தேர்தல் பக்கத்தைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, பழைய பதில்கள் எல்லாவற்றையும் சிவப்பாக்கிக்கொள்வேன். புதுப் பதில் வர வர அதன் மேலேயே கறுப்பில் அடிப்பேன். சிவப்பு தீர்ந்தால் பக்கம் முடிந்தது என்று கணக்கு.

அந்த வியாழக்கிழமை மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. யூ.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. பிரஸ்காரர் மூன்று தடவை போன் போட்டுவிட்டார். நடுப்பக்கம் ஒற்றைக் கலர், எல்லாம் கறுப்பில்தான் போக வேண்டும். மொத்தத்தையும் செலக்ட் செய்து, ஒரே அழுத்தில் கறுப்பாக்கி அனுப்பிவிட்டேன். ஐந்தாவது வரிசை இன்னும் சிவப்பில் இருந்ததை மறந்தே போனேன்.

மறுநாள் முதல் போன் மில்காரருடையது.

"சூப்பரா போட்டுகீறீங்கம்மா. அந்தப் போலீஸ் கேள்விக்கு நான் சொன்னத அப்டியே போட்டீங்க பாருங்க, எங்க ஆளுங்க அசந்துட்டாங்க."

அடுத்து வக்கீலம்மா. "கொஞ்சம் சுருக்கிட்டீங்க போல. பரவால்லம்மா, கட்சியில சந்தோஷம்தான்." மூன்றாவதாக முன்னாள்: "ஆங், கரெக்டா வந்துகீது."

எதற்கு இந்த நன்றி என்று பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் போன தேர்தலில் நின்ற வேறு மூன்று பேர் சொன்னவை. அதில் மில்காரர் பெயருக்குக் கீழே இருந்த பதிலைச் சொன்னவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

2. வாத்தியாரின் வாக்கியம்

அவர் அருணாசலம் வாத்தியார். திருவாலங்காட்டுப் பக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவர். ஊரில் நல்ல பெயர் இருந்ததால் மூவரில் ஒருவராக அவரையும் சேர்த்திருந்தோம். அகரவரிசையில் போடுவது எங்கள் வழக்கம் என்பதால் அந்த முறை முதல் கட்டம் அவருக்கு வந்தது. அவர் மட்டும்தான் எங்கள் மாடி ஏறி வந்து, என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடிக்க அடிக்கப் பதில் சொன்னார். மூன்று முறை படிக்கச் சொல்லித் திருத்தினார்.

"காவல் நிலையத்தில் ஒருவர் அடிபட்டால் அதே துறை விசாரிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனிக் குழு வேண்டும். எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், கழிவறை வாசல் உட்பட." இதுதான் அவர் சொன்னது.

கழிவறை எதற்கு சார் என்று கேட்டேன்.

"உள்ள வேணாம்மா, வாசல்ல போதும். எல்லாரும் அங்கதான வழுக்கி வுழறாங்க. எத்தன பேரு நடந்து போனாங்க, எத்தன பேர தூக்கினு வந்தாங்கன்னு தெரிஞ்சா போதும்."

மற்ற இரண்டு கட்டங்களில் பழைய வேட்பாளர்கள் சொன்னது வழக்கமான பேச்சு. "காவல்துறையின் மன உறுதி குலையாமல் பார்த்துக்கொள்வேன்" என்பது ஒன்று. அது இப்போது வக்கீலம்மா பெயருக்குக் கீழே. கஸ்டடியில் அடிபட்டவர்களுக்காகவே இரண்டு கேஸ் நடத்தியவர் அவர். அவர்தான் பரவாயில்லை என்றார். "மேலிடத்தில் கலந்து முடிவு செய்வேன்" என்பது இன்னொன்று. அது முன்னாளுக்குப் பொருந்தித்தான் இருந்தது.

நாதமுனி சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூணு பேருமே ஒத்துகினாங்களா?"

"ஆமா சார்."

"அப்புறம் நீ எதுக்கு மறுப்பு போடற? சொன்னவங்களே நாங்கதான் சொன்னோம்னு சொல்லிகினு இருக்காங்க."

அன்று மதியம் பஜார் பக்கம் போனேன். மில்காரரின் மைக் ஆட்டோ மெல்ல வந்துகொண்டிருந்தது. வாழைப்பழ வண்டிகள், காவடி எடுத்தவர்கள், நல்ல உச்சி வெயில். பதிவு செய்த குரல் கணீரென்று சொன்னது: "எல்லா இடத்திலும் கேமரா, கழிவறை வாசல் உட்பட." பேப்பரைப் பார்த்து யாரோ காலையிலேயே பேசிப் பதிந்திருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 'உட்பட'வில் வாத்தியார் நிறுத்தும் இடத்திலேயே அந்தக் குரலும் நிறுத்தியது. ஒரு விபூதிக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஆட்டோ சன்னதித் தெருவுக்குள் திரும்பிய பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

3. மடித்த சட்டை

சனிக்கிழமை காலை தேசம்மா வந்தாள். அம்மையார்குப்பம், விசைத்தறிக் குடும்பம். கையில் எங்கள் பேப்பர் நாலாக மடித்து இருந்தது. கூடவே அவள் புருஷன் முனிரத்தினம். தறி மோட்டார் திருட்டு ஒன்றில் அவரை என்கொயரி என்று ஒரு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அப்புறம் உண்மையான திருடன் வேறு இடத்தில் பிடிபட்டான். முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார், பேச்சு மட்டும் வரவில்லை.

"திங்கக்கெழம கையெழுத்து போடச் சொல்றாங்கம்மா" என்றாள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் எழுதிக் கொண்டு வந்த தாளைக் காட்டினாள். கழிவறையில் வழுக்கி விழுந்தார், யார் மீதும் புகார் இல்லை என்று அதில் இருந்தது. "போட்டுடலாம்னுதான் இருந்தேன். நம்ம பக்கம் யாரு கீறாங்க? நேத்து இத படிச்சேன். இவ்ளோ பெரிய ஆளு கழிவற வாசல்னு சொல்லிகீறாரே. அவருக்கு எப்டியோ தெரிஞ்சிகீதும்மா. நான் கையெழுத்து போட மாட்டேன்."

அந்த நேரத்தில் கீழே ஒரு ஜீப் வந்து நின்றது. பால்காரர்களின் ஜீப், தினமும் வருவது. முனிரத்தினம் எழுந்தார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையைக் கைமடிப்பு கலையாமல், துணிக்கடையில் மடிப்பது மாதிரி மடித்தார். என் மேஜையில் வைத்தார். மூலையில் போய் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, உள்ளங்கால் தெரிய வைத்துக்கொண்டார். முகத்தில் பயம்கூட இல்லை. முதுகிலும் காலிலும் ஒரு வடு இல்லை. ஒரு ஆபீஸ் வேலையைச் செய்கிற மாதிரி செய்தார்.

"எந்த வண்டி நின்னாலும் இப்டித்தாம்மா" என்றாள் தேசம்மா. "சத்தம் போறவரைக்கும் எழுந்துக்க மாட்டாரு."

ஜீப் போனது. அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிவப்பு, கறுப்பு, கரண்ட் போனது, வாத்தியார் எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவள் அழவில்லை. பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, செத்தவரு பேச்ச நம்பியா நான் நேத்துலேர்ந்து சோறு துன்னேன்?"

பேப்பரில் மூன்று பெயர்களையும் விரலால் தொட்டாள்.

"அப்ப இவங்க மூணு பேரும் நெஜமா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அத போடு" என்றாள். "ஒண்ணும் சொல்லலன்றத போடு. யாரு இல்லன்னு தெரிஞ்சாவது நான் நிக்கறேன். கீறாங்கன்னு நம்பி நின்னு, திரும்பிப் பாத்தா யாரும் இல்லன்னா அது இன்னும் மோசம்."

4. காலிக் கட்டம்

பக்கம் கட்டுகிறவர்களுக்குக் காலி இடம் ஆகாது. ஓரங்குலம் மிஞ்சினாலும் ஒரு பொது அறிவுத் துணுக்கோ, கண்ணாடிக் கடை விளம்பரமோ திணித்துவிடுவோம். நாதமுனி சார் அதில் கறார் ஆள். மூன்று வெற்றுக் கட்டங்களோடு பக்கத்தைக் காட்டினதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊரே சிரிக்கும்மா. தேர்தல் நேரம் வேற. கேஸ் போட்டா யாரு போறது?"

"நான் போறேன் சார்."

அடியில் நான் அடித்திருந்த குறிப்பைப் படித்தார். 'சென்ற இதழில் ஐந்தாம் கேள்விக்கு வெளியான பதில்கள் இம்மூவரும் சொன்னவை அல்ல. தவறு என்னுடையது. இக்கேள்விக்கு இதுவரை மூவரும் பதில் சொல்லவில்லை.' கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"'என்னுடையது' வேணாம்" என்றார். "'எங்களுடையது'ன்னு போடு."

தேசம்மா திங்கட்கிழமை கையெழுத்து போடவில்லை. வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. இந்த முறை திட்டி போன் வந்தது, எனக்கு மூச்சு வந்தது. முன்னாள் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார், அதை இங்கே எழுத முடியாது. அடுத்து வக்கீலம்மா.

"நான் இதுக்காகவே கோர்ட்டுல நின்னவ. என் பேருக்குக் கீழ காலியா போட்டுட்டீங்களே."

"இப்ப சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

"கட்சியில கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றார்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். தேசம்மா தன் புகார் மனுவோடு இணைக்க இரண்டு பேப்பர் கேட்டு வந்திருந்தாள். முனிரத்தினம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கீழே வரிசையாக நாலைந்து கார்கள் வந்து நின்றன. அவர் எழுந்து பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

மில்காரர் படியேறி வரும்போதே கும்பிட்டுக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, நான் பதில் சொல்லலன்னு போட்டுட்டீங்களே, அதான் நேர்லயே" என்றவர் நின்றார். என் மேஜையில் மடித்த சட்டை. மூலையில் வெற்று உடம்போடு ஒரு மனிதர், அவரை நோக்கி இரண்டு உள்ளங்கால்கள்.

"யாரு இவரு?"

தேசம்மா சொன்னாள்: "இவருதாங்க அஞ்சாவது கேள்வி."

நான் பக்கத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தில் கர்ஸரை வைத்தேன். "சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். 'எல்லா இடத்திலும்' என்று ஆரம்பிப்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரமாக அவருடைய ஆட்டோ அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே கார்கள் என்ஜினை அணைக்காமல் நின்றன. அந்த உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

கொடுத்தேன். குடித்தார். டம்ளரைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கடைசிக் காரின் சத்தமும் அடங்கிய பிறகு முனிரத்தினம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்று மாலையிலிருந்து மைக் ஆட்டோ மேம்பாலத்தைப் பற்றி மட்டும் பேசியது.

மூவரில் ஒருவர் ஜெயித்தார். யார் என்பதால் இந்தக் கதை மாறப்போவதில்லை. தேசம்மாவின் மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அவளும் அதன் பின்னாலேயே திருவள்ளூருக்கு பஸ் ஏறுகிறாள். நான் போன வருஷம் வேலையை விட்டேன். வாத்தியாரின் வரியை என்னால் அழிக்க முடியவில்லை. தேர்தல் பக்கத்தின் கோப்பில் அது அவர் பெயரோடு, சிவப்பில், அப்படியே இருக்கிறது.

என் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றைத்தான் சொல்ல முடியும். பதில் வராத கட்டத்தைக் காலியாக விடுங்கள், காலி இடம் பொய் சொல்லாது. அடுத்த தேர்தலுக்கு அந்தப் பக்கத்தைத் திறப்பீர்கள். ஐந்தாவது வரிசையில் ஒரு வரி சிவப்பாக இருக்கும். உயிரோடு இருக்கிற ஒருவர், தண்ணீர் கேட்காமல், உங்கள் எதிரில் உட்கார்ந்து அதைத் தன் வாயால் சொல்லும்வரை கறுப்பாக்காதீர்கள்.