கன்டென்சருக்குப் போட்ட போர்வை

தான் செய்யாத தப்பை ஒருநாள் அந்த ஏசி மெக்கானிக் தன் தலையில் போட்டுக்கொண்டார். அது தெரிந்தவன் பிக்கப் ஓட்டுகிற மாப்பிள்ளை ஒருவன்தான்.

மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அவரை ஆஸ்பத்திரிக்கு வெயில் படாமல் அழைத்துப் போகலாமென்று பிக்கப்பில் ஏசி வைத்தான். மெக்கானிக் ரேடியேட்டருக்கு முன்னால் புதுக் கன்டென்சரைப் பொருத்தி, கேஸ் ஏற்றி, குளுகுளுவென்று அனுப்பிவைத்தார். கல் பட்டு அதன் மெல்லிய தகடு நசுங்கிவிடுமே என்று பயந்த மாப்பிள்ளை, வீட்டுக்குப் போனதும் அதன் முன்னால் தடித்த ரெக்சினை இழுத்துக் கட்டினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

மறுவாரம் வண்டிக்குள் அடுப்படிச் சூடு. பட்டறை வாசலிலேயே மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

“ஏசியாம் ஏசி! எங்க மாப்பிள்ளை கை வச்சது எது உருப்பட்டிருக்கு?”

மாப்பிள்ளை கூனிக் குறுகி நின்றான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். சூட்டை வெளியே தள்ளக் காற்றுக்கு வழியில்லாமல் கன்டென்சர் போர்த்திக்கொண்டு கிடந்தது. அவர் ரெக்சினை அவிழ்த்துச் சுருட்டினார்.

“ஐயா, காத்து வர்ற வழியை மறைச்சு இதைக் கட்டினது நான்தான். அவரைத் திட்டாதீங்க.”

“நீ அரைகுறைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்!” என்ற மாமனார், “எங்க மாப்பிள்ளை தங்கமான ஆளு” என்று அவன் தோளைத் தட்டினார். ஆசை நிறைவேறியவனுக்குத் தலை நிமிரவில்லை.

பிற்பாடு மெக்கானிக் பட்டறையைக் காலிசெய்து மகள் வீட்டோடு போனார். சாமான் ஏற்றிப் போனது அதே பிக்கப்தான். இறங்கியவர், வண்டியின் முன்பக்கக் கிரில்லுக்குள் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முன்னாடி எதையும் கட்டிடாதீங்க தம்பி. இனிமே பழி ஏத்துக்க நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.”