பன்னிரண்டாவது நட்டு

லாரி மெக்கானிக்கின் தொழிலில் கழற்றுவதற்கு வலுவான கை போதும். மாட்டுவதற்கு மனசாட்சியும் வேண்டும். கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையோரப் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகள் எஞ்சின் எண்ணெயில் கை நனைத்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் பூட்டியபின் தரையில் ஒரு திருகு மிஞ்சிக் கிடப்பதைக் கண்டு, யாரும் பார்ப்பதற்குள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். என்னோடு சேர்ந்து அவதிப்படப் பிறந்தவர்களே, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதத்தில், ஒரே வாரத்துக்குள் நடந்த இந்தச் சிறு நிகழ்ச்சிகள் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன.

மூச்சு வாங்கிய வண்டி

சங்கரபாண்டி எப்போதும்வென்றான் ஊர்க்காரர். அவருக்கு ஒரே லாரி. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைப் பட்டறைக்குள் விட்டு இறங்கியவர், ‘இழுவை இல்லை’ என்ற இரண்டு சொற்களில் நோயைச் சொல்லி முடித்தார். பாரத்தோடு ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறினால் எஞ்சின் கரும்புகையைக் கக்குகிறது; முதல் கியரை விட்டு நகர மறுக்கிறது. என்னிடம் வருமுன் அவர் டீசல் பம்பைச் சரிபார்த்திருந்தார், டீசலைத் தெளிக்கின்ற நாசில்களை மாற்றியிருந்தார், கழுகுமலைக்குப் போய் முடியும் இறக்கியிருந்தார்.

எஞ்சினும் நம்மைப்போல் மூச்சுவிடுகின்ற பிறவிதான். வெளிக்காற்றை அழைத்துச் சென்று ஆறு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுத் தருகின்ற குழாய்த் தொகுதியை நாங்கள் இன்லெட் மேனிபோல்டு என்போம். அந்த வண்டியில் இருந்தது குறுகிய துளை கொண்ட பழைய மாடல். அதை இறக்கிவிட்டு, அடுத்த மாடலின் அகலமான மேனிபோல்டையும் புழுதியை வடிகட்டுகின்ற பெரிய ஏர் கிளீனரையும் பொருத்தினால் மூச்சு சீராகும் என்றேன். வியாழக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். அவர் ஊரில் ஏழு குடும்பங்களின் மிளகாய் வற்றல் களத்தில் காய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை அதை ஏற்றி, மலையைத் தாண்டி, கொல்லத்துச் சந்தையில் சேர்க்க வேண்டும். மற்ற லாரிகளெல்லாம் தூத்துக்குடி உப்புக்கும் தீப்பெட்டிக் கட்டுகளுக்கும் போய்விட்டன. கோடை மழை முந்திக்கொண்டால் நனைந்த வற்றல் வெள்ளை பூத்துவிடும். பிறகு அதை எவரும் கையால் தொடமாட்டார்.

முடியும் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குப் பெற்ற தெம்பில் அவர் தம் மனக்குறையைக் கொட்டினார்: “போன தடவ ஏத்தத்துல போய்க்கிட்டிருக்கேன் அண்ணாச்சி, விறகுக்கட்டு வச்ச சைக்கிள உருட்டிக்கிட்டு ஒருத்தன் என்னைய முந்திட்டுப் போறான். போறவன் சும்மாவாவது போறானா? ‘வரட்டுமா’ன்னு சொல்லிட்டுப் போறான்.”

கவனத்தைப் பற்றி ஓர் உரை

புதன்கிழமை பழைய மேனிபோல்டைக் கழற்றினேன். பக்கத்து லேத் பட்டறை அந்தோணி, தேநீர்க் குவளையோடு வந்து ஓரமாக நின்றிருந்தார். ஒருவர் நின்று கேட்கிறார் என்றால் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. கவனமே கடவுள் என்றும், கண்ணை ஓரிடத்திலும் கருத்தை வேறிடத்திலும் வைப்பவன் ஸ்பேனரைத் தொடவே தகுதியற்றவன் என்றும் அவருக்கு விரிவாக எடுத்துரைத்தேன். பேசிக்கொண்டே நட்டுகளைக் கழற்றித் தகரத் தட்டில் போட்டேன். ஆறு துளைகளிலும் சுத்தமான துணியைத் திணித்து அடைத்தேன். மேனிபோல்டின் உட்புறத்தில் மாவைப்போல் மென்மையான கரிசல் புழுதி படிந்திருந்தது. ஏர் கிளீனரைத் தாண்டி இவ்வளவு புழுதி வந்தது எப்படி என்ற கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் உரையின் முக்கியமான கட்டத்தில் இருந்ததால், அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

கழற்றிய நட்டுகளை எண்ணவும் இல்லை.

உரை முடிந்ததும் அந்தோணி காலிக் குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டுச் சொன்னார்: “நீங்க பேசுத பேச்சுக்குப் பயந்துக்கிட்டு நட்டுக தானா கழண்டு வருது, அண்ணாச்சி.”

வேலும் மயிலும்

புதிய மேனிபோல்டின் துளை அகலமானது. காற்றுக் கசியாமல் இடையில் வைக்கின்ற கேஸ்கட், கடையில் பழைய துளைக்குரியதே கிடைத்தது. ஆகவே அட்டையில் நாமே வெட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் நாள்காட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை. அது நல்ல தடிமன் உள்ளது. எண்ணெயில் ஊறவைத்தால் எஞ்சினின் காற்றுப் பக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சுவரில் தொங்கிய பழைய நாள்காட்டி ஒன்றை எடுத்து, வெறும் முதுகுப்பக்கத்தை மேலே வைத்து, சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டித் துளைகளைப் பெயர்த்தேன்.

சங்கரபாண்டி வந்து அதைக் கையில் வாங்கித் திருப்பினார். மறுபக்கத்தில் மயிலின் தோகையும் வேலின் பாதியும் ஒரு திருவடியும் எஞ்சியிருந்தன. அவர் முகம் வாடியது. முடி இறக்கிவிட்டு வந்த மனிதர் அல்லவா? பிறர் வணங்குகின்ற படத்தின் முதுகை மட்டும் பார்த்தது என் பிழை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஜவுளிப் பெட்டியின் அட்டையில் வேறொன்று வெட்டினேன். அரைநாள் வீணாயிற்று. அவரோ கோபிக்கவில்லை. பழைய அட்டையைக் கண்ணில் ஒற்றி, மடியாமல் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே செருகிவிட்டுச் சொன்னார்: “சாமிய வண்டிக்கு முன்னாடி ஒட்டித்தான் பாத்திருக்கேன் அண்ணாச்சி, நட்டு போட்டு இறுக்கிப் பாத்ததில்ல.”

பதினொன்று

வியாழக்கிழமை காலையில் துளைகளிலிருந்து துணிகளை உருவிவிட்டுப் புதிய மேனிபோல்டைத் தூக்கி வைத்தேன். சிலிண்டர்களின் மூடியான ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகுக் கம்பிகளான பன்னிரண்டு ஸ்டட்டுகளிலும் அது ஒழுங்காக அமர்ந்தது. நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். பதினொன்று முடிந்தது, தட்டு காலி. கடைசி ஸ்டட்டு, டீசல் குழாய்க்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கிறது. விரலை விட்டுத் தடவினேன். மொட்டையாக நின்றது.

நண்பர்களே, நட்டுத் தட்டு இருந்த இடத்தை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தட்டை எஞ்சின் மேலேயே வைத்திருந்தேன். துணிகளை எடுத்த பிறகு மேனிபோல்டை வைக்கும்வரை ஆறு துளைகளும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. நட்டு ஒன்று உருண்டு உள்ளே விழுந்திருந்தால், சாவியைத் திருகிய மறுகணம் அது பிஸ்டனையும் வால்வையும் அடித்து நொறுக்கிவிடும். அந்தோணியும் நானும் தரையைப் பெருக்கினோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி வண்டிக்கு அடியில் இழுத்தோம். என் சட்டைப் பையை மூன்று முறை தேடினேன். மேனிபோல்டை மறுபடி இறக்கி, விளக்கைக் காட்டி ஆறு துளைகளிலும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் நான்காவது துளையின் அடியில் வால்வு திறந்திருந்தது. அதன் வழியே சிலிண்டருக்குள் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் அறிய இயலாது. ஹெட்டைக் கழற்றி மாட்ட இரண்டு நாள். வண்டி புறப்பட ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

‘உள்ளே விழுந்திருக்காது’ என்று ஒரு குரல் எனக்குள் இனிமையாகப் பேசியது. அந்தக் குரல் எப்போதும் இனிமையாகத்தான் பேசும். அதை நம்பி எந்த எஞ்சினையும் முடுக்காதீர்கள். அந்தோணியும் தம்மாலான ஆறுதலை வழங்கினார்: “எதுக்கு இவ்வளவு யோசன? சும்மா ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி, விழுந்திருந்தா சத்தம் கேக்கும்லா.”

மேற்கே ஒரு மேகம்

சங்கரபாண்டியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நட்டைக் காணவில்லை, அது எஞ்சினுக்குள் இருக்கக்கூடும், காரணம் என் கவனக்குறைவு, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று நான்கு செய்திகளையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொய்யைச் சொல்ல நூறு வழிகள் உண்டு. உண்மைக்கு அந்த வசதி இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, மேற்கு வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். குருமலைக்கு மேலே கரிய மேகம் ஒன்று திரண்டிருந்தது.

அந்நேரம் எதிர்த் தேநீர்க் கடைக்குத் தொலைபேசி வந்தது. அவர் மனைவி. கணவரைக் கூப்பிட்டபோது அவர் எழவில்லை. என்னைப் போகும்படி கையைக் காட்டினார். நடந்ததை நான் மென்று விழுங்கிச் சொல்லத் தொடங்கியபோதே அந்த அம்மாள் குறுக்கிட்டார். பின்னால் பலர் ஒரே நேரத்தில் சாக்குகளை உதறுகின்ற ஓசை கேட்டது. “அண்ணாச்சி, மேக்க கருத்துக்கிட்டு வருது, நாங்க வத்தல அள்ளுதோம். அவியகிட்ட சொல்லுங்க, வண்டி வந்தா வரட்டும். வராட்டி மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு அங்கன உக்காராம ரெண்டு தார்ப்பாயாவது வாங்கிட்டு பஸ் ஏறச் சொல்லுங்க.”

கண்ணாடியின் சாட்சியம்

ஹெட்டின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைக்குமுன் சுற்றுப்புறத்தைத் துடைப்பது என் வழக்கம். டீசல் குழாய்க்குப் பின்னால் துணி பிடித்த கை நுழையாததால், முகச்சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டி, விளக்கை அதன்மேல் பிடித்தேன். மொட்டை ஸ்டட்டின் உருவம் கண்ணாடியில் தெரிந்தது. நட்டு சுற்றி ஏறுகின்ற அதன் மரையே தெரியவில்லை. எண்ணெயும் கரிசல் புழுதியும் குழைந்து, காய்ந்து, நுனி முதல் அடி வரை சாந்து பூசியதுபோல் இறுகியிருந்தது. மற்ற பதினொன்றும் நேற்றுவரை நட்டை அணிந்திருந்ததால் பளபளவென்று இருந்தன. மூலையில் கிடந்த பழைய மேனிபோல்டைப் புரட்டினேன். ஸ்டட்டு நுழைகின்ற பதினொரு காதுகளில் வாசர் அழுத்திய வட்டத் தடம் இருந்தது. பன்னிரண்டாவது காதில் தடமே இல்லை.

காணாமற்போன நட்டு அங்கே பல ஆண்டுகளாக இருந்ததே இல்லை! எஞ்சினுக்குள் எதுவும் விழவில்லை. ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. வண்டியின் நோயும் புரிந்துவிட்டது. நட்டு இல்லாத மூலையில் மேனிபோல்டு மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு, அந்த இடுக்கின் வழியே எஞ்சின் நம் ஊர்ப் புழுதியை நேராகக் குடித்து, அது படிந்து குறுகிய குழாயில் மூச்சுத் திணறி வந்திருக்கிறது. சங்கரபாண்டி டயரிலிருந்து எழுந்தார். நான் அதே டயரில் உட்கார்ந்தேன்.

கவலை நீங்கியவுடன் எனக்கு உபதேசம் ஊறிற்று. “ஓர் ஊரில் கண்மாய்க்குக் காவல்காரன் ஒருவன் இருந்தான்” என்று தொடங்கினேன். கரையில் நண்டு வளை ஒன்றைப் பார்த்தான். விரல் நுழையும் அளவே இருந்தது. நாளைக்கு அடைப்போம் என்று வீட்டுக்குப் போனான். நாளை என்ற நாளில் மழை வந்தது. காலையில் கண்மாயும் இல்லை, கரையும் இல்லை. “இந்த வண்டியில் நட்டை விட்டவனும் அப்படிப்பட்ட ஒரு சோம்பேறிதான், அவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தது யார்?” என்று முழங்கினேன்.

சங்கரபாண்டி தயங்கித் தயங்கி, இந்த வண்டியை வாங்கிய புதிதில் மேனிபோல்டை ஒரே ஒருமுறை கழற்றி மாட்டியது நான்தான் என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு திரும்பியது. அன்றைக்கு ஒரு நட்டின் மரை தேய்ந்திருந்தது. பங்குனித் திருவிழா, கடைகள் அடைத்திருந்தன. நாளைக்குப் போட்டுக்கொள்வோம் என்று அனுப்பிவைத்தேன். அந்தோணி என்னைக் காட்டி, தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “அப்போ அந்தக் கம்மாய்க் காவக்காரன் இவியதானா?”

மலைக்கு அப்பால்

அந்த ஸ்டட்டின் மரையை ஊசியால் சுரண்டி, டீசலால் கழுவி, மேனிபோல்டை மறுபடி ஏற்றி, கடைக்கு நானே நடந்துபோய் வாங்கிவந்த புது நட்டை மாட்டினேன். பன்னிரண்டையும் விரலால் தொட்டு உரக்க எண்ணினேன். அந்தோணி இரண்டாம் முறை எண்ணினார். சங்கரபாண்டி கண்ணாடியை வாங்கி மூன்றாம் முறை எண்ணினார். சாவியைத் திருகியபோது எஞ்சினில் ஒரு தட்டல் இல்லை, ஒரு தேய்ப்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. திரண்ட மேகம் எங்களைப் பயமுறுத்தியதோடு கலைந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை முற்பகலில் மூட்டைகள் ஏறின. மாலையில் எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் மழை கொட்டியபோது நான் பட்டறை வாசலில் நின்று நனைந்தேன். நனைய எதுவும் மிச்சமில்லாத களத்தில் பெய்கின்ற மழையைவிட அழகான மழை கிடையாது. தவறு நேர்ந்தால் மறைக்காதீர்கள். ஒப்புக்கொண்டவனுக்குத்தான் கண்ணாடியை நீட்டிப் பார்க்கின்ற பொறுமை வருகிறது.

சனிக்கிழமை கொல்லத்திலிருந்து தேநீர்க் கடைக்கு அழைப்பு வந்தது. வற்றல் முழுவதும் காய்ந்தபடியே இறங்கிவிட்டது என்றார் சங்கரபாண்டி. ஏற்றம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தொலைபேசியில் அவர் சிரிப்பு முன்னும் சொற்கள் பின்னுமாக வந்தன: “வண்டி மூச்சே வாங்கல அண்ணாச்சி. இவ்வளவு வருசமா நீங்க விட்ட நட்டுக்கு அந்த மலையில நாந்தான் மூச்சு வாங்கியிருக்கேன்.”

நண்பர்களே, பதினொரு நட்டுகளில் லாரி ஓடிவிடும். பன்னிரண்டாவது, மெக்கானிக் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக மாட்டப்படுவது.