மாமாவுக்குச் சதை பிடித்த கதை

"சதை பிடிச்சிருக்கு" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், ஆள் உடம்பு தேறியிருக்கிறார் என்றும் அர்த்தம். அசைய முடியாமல் கிடக்கிறார் என்றும் அர்த்தம். ஏழு வயதில் எனக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் தெரியும். மாமா பட்ட பாட்டில் பாதி அதனால்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், எங்களோடேயே இருந்தார். ஆள் நல்ல உயரம், கைகள் மட்டும் முருங்கைக்காய். ரப்பர்ப் பாலைச் சேர்த்து வைக்கும் பால் ஸ்டோர்க்காரரின் மகள்மேல் அவருக்கு ஆசை. அம்மா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போனபோது ஸ்டோர்க்காரர் முடியாது என்று சொல்லவில்லை. மாமாவின் கையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தக் கை வாளியத் தூக்குமா, இல்ல வாளிதான் இந்தக் கையத் தூக்கணுமா?"

மரம் சீவுகிறவர்கள் கொண்டுவரும் பால் வாளியை நெஞ்சுக்கு மேலே தூக்கித் தொட்டியில் ஊற்றுவதுதான் ஸ்டோர் வேலை. தனக்குப் பிறகு அதைச் செய்யக்கூடியவனே மருமகன் என்பது அவர் கணக்கு.

மறுநாளே மாமா இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் ஆற்று மணலை நிரப்பி, பிரம்பால் பிடி போட்டு, லயத்துக்குப் பின்னால் தூக்கி இறக்க ஆரம்பித்தார். விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குள் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார் மாமா. அம்மி நகரும், கூடவே உன் தோள்பட்டையும் நகரும் என்பாள் அம்மா.

அவள் வாக்குதான் பலித்தது. ஒரு ராத்திரி நல்ல மழை. மூடாமல் கிடந்த டின்களில் மணல் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தது. காலையில் மாமா அதை யோசிக்காமல், வழக்கம்போல் ஒரே மூச்சில் இழுத்தார். புஜத்துக்குள் ஏதோ சுருட்டிக்கொண்டது. அதன்பிறகு கையை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அம்மாதான் சோற்றை உருட்டி ஊட்டினாள்.

"கையில சதை பிடிச்சிக்கிச்சுக்கா" என்று அவர் முனகினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சதை பிடிக்கத்தானே மனிதர் இத்தனை நாள் பாடுபட்டார்? நல்ல சேதியை முதலில் சொல்கிற பெருமை நமக்கே இருக்கட்டும் என்று ஸ்டோர்க்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவரும் முகம் மலர்ந்து, அப்படியானால் நாளை மறுநாள் வந்து வாளியைத் தூக்கிக் காட்டச் சொல் என்றார்.

திரும்பும்போது அவர் மகள் குழாயடிவரை என் பின்னாலேயே வந்தாள்.

"பாப்பா, மாமா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. அம்மா ஊட்டி விட்டாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பி ஓடிக் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போ. ஒத்தடம் குடுத்துட்டுக் கைய சும்மா வச்சிருக்கச் சொல்லு. டின்னத் தொடவே கூடாது. நான் சொன்னேன்னு சொல்லாத, என்ன?"

ஒரு சொல் விடாமல் மாமாவிடம் ஒப்பித்தேன், கடைசி வரியையும் சேர்த்துத்தான். வலியோடு வலியாக அவர் சிரித்தார். உப்பு ஆறிவிட்டது, கொடு, சுடவைத்துத் தருகிறேன் என்று அம்மா கேட்டபோதும் முடிச்சைக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

நாளை மறுநாளும் வந்தது. கை பாதிதான் தேறியிருந்தது. தலைத்துண்டை அம்மா கட்டிவிட்டாள். நான் முந்திக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். அங்கே மகள் ஒரு வாளியைச் சாய்த்துப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் போனதும் அந்த வாளியை வரிசையில் முதலாவதாக நகர்த்தி வைத்தாள். தினம் செய்கிற வேலை என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஸ்டோர்க்காரர் கையில் எப்போதும் ஒரு அளவுக்குச்சி இருக்கும். குச்சியை விட்டுப் பார்க்காமல் ஒரு வாளியும் தொட்டிக்குப் போகாது. பால் குறைந்தால் சொந்தத் தம்பியையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு அந்த முதல் வாளியைத் தூக்கினார். வாளி ஏறியது, சாய்ந்தது. பால் விழுகிற சத்தம் சட்டென்று நின்றுபோனது.

ஸ்டோர்க்காரர் தொட்டியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கழுவின வாளியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கை தேறிருச்சு. தை பொறக்கட்டும்."

மாமாவுக்குச் சதை பிடித்ததால்தான் கல்யாணம் கூடியது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அத்தனை கறாரான மனிதர், அந்த ஒரு வாளியில் மட்டும் ஏன் குச்சியை விடவில்லை? பாவம், வயசாகிவிட்டது, மறந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.