தொம்மையின் நீல வண்டி

தொம்மைக்குத் தன் அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நாயிடம்தான் சொல்வார். பத்து வருஷத்துக்கு மேலாக அவருக்கு அதுதான் பழக்கம். அண்ணன் ஆரோக்கியராஜ் வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு நாயைக் கூப்பிடுவார். "மணி, மோட்டார் போட்டா நிறுத்தணும்னு தெரியாதா ஒனக்கு? தண்ணி தெருவுல ஓடுது பாரு." உள்ளேயிருந்து ஆரோக்கியராஜ் எழுந்து வந்து மோட்டாரை நிறுத்துவார். பதில் சொல்ல அவருக்குக் கோழிகள் இருந்தன. முதல் மணி செத்துப்போய் வேறு நாய் வந்தபோது அதற்கும் மணி என்றே பெயர் வைத்தார் தொம்மை. பேச்சு தடைபடக் கூடாதல்லவா?

மகள் புனிதா இதைப் பார்த்தே வளர்ந்தவள். கல்லூரியில் தோழிகளுக்கு அப்பாவையும் பெரியப்பாவையும் மாறி மாறி நடித்துக் காட்டுவாள். திண்டிவனம் பஸ்ஸில் வரும் அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றதற்குக் காரணம் நிலமோ நகையோ அல்ல, ஒரு பேனர். அவர்களுடைய அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற வேலையை ஆரோக்கியராஜ் எடுத்துக்கொண்டார். தெருமுனையில் கட்டிய பிறகு பார்த்தால், மகன் என்று ஆரோக்கியராஜின் பெயர் மேலே பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே அவருடைய பிள்ளைகள், மருமகன். எல்லோருக்கும் கீழே, அச்சுக்கடைக்காரனின் செல் நம்பருக்குச் சற்று மேலே, தொம்மை. அன்று மாலை கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தவர், அதன்பின் அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் தெருவில் இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் இருவருக்கும் பொதுவான ஒரு சந்து. சந்தின் முடிவில் தொம்மையின் தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால் ஏரி வாய்க்கால்.

தொம்மை கூட்டேரிப்பட்டில் நடராசனின் டிராவல்ஸில் வேன் ஓட்டினார். ஆவணி வந்தால் வீட்டில் தங்க மாட்டார். வேளாங்கண்ணியில் கொடியேறியதிலிருந்து தேர் முடியும்வரை சவாரிமேல் சவாரி. யார் யார் வீட்டுச் சனத்தையோ ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வண்டியிலேயே படுத்து எழுந்து, அடுத்த சனத்தை ஏற்ற வருவார். மனைவி அமல்ராணியை ஒரு வருஷம்கூடக் கூட்டிப்போனதில்லை.

இத்தனைக்கும் அமல்ராணிக்கு வேளாங்கண்ணியில் ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. புனிதா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிப்போனாள். "புள்ள பொழச்சா அவ ஒசரத்துக்கு மெழுகுவத்தி வாங்கிக்கினு நாங்க மூணு பேரும் ஒன் சன்னதிக்கு வர்றோம்" என்று அமல்ராணி மாதாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை பிழைத்தாள். பிழைத்தவள் வளர்ந்துகொண்டே போனாள். முழ உயரத்தில் முடிந்திருக்க வேண்டிய மெழுகுவத்தி ஆளுயரத்துக்கு வந்துவிட்டது.

"ஊரு சனத்தயெல்லாம் கொண்டுபோய் மாதாகிட்ட வுட்டீங்களே, 'ஒம் பொண்டாட்டி எங்கடா'ன்னு ஒரு வருசம்கூட அது கேக்கலியா?" என்பாள் அமல்ராணி.

"சீசன் நேரத்துல லீவு கேட்டா நடராசன் கல்லால அடிப்பான். வர்ற வருசம் கண்டிப்பா."

வருகிற வருஷம் வருகிற வருஷம் என்று போய், கடைசியில் அமல்ராணி பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு. விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, படுக்கையிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். பஸ், கார் என்ற பேச்சே இல்லையென்று ஆயிற்று. அப்புறம்தான் தொம்மைக்கு நடராசன் ஷெட்டின் பின்னால் கிடந்த வண்டி ஞாபகம் வந்தது.

அது பழைய மெட்டடோர் வேன். புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதை வீடு மாதிரி ஆக்கி ஊர் ஊராகச் சுற்றினார்கள். உள்ளே கட்டில், அலமாரி, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் ஒரு குட்டித் தொட்டி. அவர்கள் ஊர் திரும்பிய பின் கை மாறி மாறி நடராசனிடம் வந்து, சுற்றிலும் வேலிக்காத்தான் முள் முளைத்துக் கிடந்தது.

"எடுத்துக்கினு போய்யா. எடத்த அடைச்சிக்கினு கெடக்குது. பாம்பு இருந்தா அதயும் சேத்து எடுத்துக்கோ" என்றார் நடராசன்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, பின்பக்கமாகச் சந்துக்குள் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. ஆரோக்கியராஜ் வாசலில் நின்று கோழிகளுக்கு அரிசி இறைத்துக்கொண்டே, "இனிமே நம்ம தெருவுல காயலாங்கடயும் வந்துடுச்சி" என்று அவற்றிடம் சொன்னார்.

தொம்மை வேலையை விட்டு நின்றுகொண்டார். வண்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். எஞ்சினை இறக்கித் திண்டிவனத்துப் பட்டறைக்கு அனுப்பினார். தரையில் துரு தின்றிருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துத் தகடு வைத்துப் பற்றவைக்க ஆள் வந்தது. தேய்ப்பதும் பட்டி பூசுவதும் அவரே. அமல்ராணி படுக்கையிலிருந்தபடி உப்புத்தாளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால், "டீ குடிக்கிறாரா பாரு" என்று புனிதாவை அனுப்புவாள்.

பெரிய வேலை ஜன்னல்தான். வண்டியின் ஜன்னல் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வைத்தது. படுத்திருப்பவளுக்கு வானம்தான் தெரியும். தொம்மை கட்டில்மேல் தானே மல்லாந்து படுத்துக்கொண்டு, "எம் மூக்குக்கு நேரா கோடு போடு" என்று புனிதாவிடம் சாக்பீஸைக் கொடுத்தார். கோடு போட்ட இடத்தில் தகட்டை அறுத்துக் கண்ணாடி வைத்தார். "கொள்ளிடம் பாலத்துல போவசொல்ல ஒங்கம்மா தண்ணியப் பாக்கணும். நான் எத்தினி வாட்டி பாத்திருப்பேன், அவ ஒருவாட்டி பாக்கட்டும்."

நிறத்தை அமல்ராணி சொன்னாள். மாதாவின் முக்காட்டு நீலம். கடைக்காரன் நான்கு நீலம் கொடுத்தனுப்ப, நான்கையும் தகரத்தில் பூசிக் காட்டிய பிறகு ஒன்றைத் தொட்டாள்.

புனிதா பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா ஒரு வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்து அவள் பார்த்ததில்லை. இந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கை முன்னமே ஒரு லீவுக்குச் செலவழித்திருந்தால் இந்த வண்டியே தேவைப்பட்டிருக்காதே என்று தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

பங்குனியில் ஆரோக்கியராஜின் மகன் ஜோஸ்வினுக்குப் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்குள் மாடி எடுக்க வேண்டும். செங்கல்லும் மணலும் வந்து இறங்கின. ஒரு நாள் காலையில் மேஸ்திரி சந்துக்குள் நூல் பிடித்துக் குழி தோண்டினார். மாடிப்படிக்குத் தூண் நிறுத்தும் குழி.

புனிதாதான் முதலில் பார்த்தாள். ஓடிப்போய், "ப்பா, படி சந்துல வருதுப்பா. வண்டி வெளிய போவாது" என்றாள்.

தொம்மை உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு வந்து குழியைப் பார்த்தார். அண்ணன் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தொம்மை தொண்டையைச் செருமினார்.

"மணி, இது பொதுச் சந்து. உள்ள வண்டி நிக்குது. ஆவணியில வெளிய போவணும். பாத்துக்கோ."

ஆரோக்கியராஜ் மேஸ்திரியைப் பார்த்து, "நாயி கொலைச்சா நீ ஏன்யா கடப்பாரய வுட்டுட்டு நிக்கிற? ஜல்தியா வேலயப் பாரு" என்றார்.

அவ்வளவுதான். தொம்மை திரும்பிப் போய் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே புனிதா பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அவர் அவளை உட்கார வைத்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை எடுத்துக் கொடுத்தார். அவளிடம் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது.

"பெரிப்பா, படிய உள்பக்கமாத் திருப்பிக்க முடியாதா? அம்மாவ அந்த வண்டியிலதான் கூட்டிக்கினு போவணும்."

"திருப்பலாம். இன்னா, ஒரு ரூம்பு சின்னதாப் போவும், போவட்டும். உங்கப்பன வந்து ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

"அப்பாவுக்காவத்தான் நான் கேக்கறேன்."

"நீ ஏம்மா கேக்கற? அவனுக்கு வாய் இல்ல? 'அண்ணே'ன்னு ஒரு சொல்லு. தூண எடுத்துடறேன்."

அதை வந்து சொன்னபோது தொம்மை சிரித்தார். "எம் பேரக் கடைசியில போட்டது யாரு? அவன் மொதல்ல பேசட்டும்."

"ஒரு வார்த்ததானப்பா."

"ஒரு பேருதான அதுவும்?"

தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கலாம் என்று புனிதா செல்போனில் தேடிப் பார்த்து எழுதியும் வைத்தாள். "கூடப் பொறந்தவன் மேல பெட்டிசன் குடுத்தவன்னு எனக்குப் பேரு வேணாம்" என்று தொம்மை கிழித்துவிட்டார். அண்ணனோடு பேசவும் மாட்டார், அண்ணனை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். மாதா கோயில் சாமியார் நடுவில் பேசி வைப்பதாகச் சொன்னதற்கும், "அவன பேசச் சொல்லுங்க ஃபாதர், நானா வேணாங்கறேன்?" என்றார்.

தூண் எழுந்தது. சென்ட்ரிங் பலகை அடித்தார்கள். கான்கிரீட் போட்ட நாளில் கலவை இயந்திரம் ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளித் தொம்மை வண்டிக்கு இரண்டாவது கோட்டு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். புனிதாவுக்கு அந்தக் காட்சிதான் இன்றுவரை விளங்கவில்லை. வெளியே போக முடியாது என்று தெரிந்த வண்டிக்கு ஒரு மனிதர் ஏன் அவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தார்? கடைசி நேரத்தில் அண்ணன் இறங்கி வந்துவிடுவார் என்று நம்பினாரா? அப்படி நம்புவதற்கு அவர் அண்ணனை எவ்வளவு பெரியவராக நினைத்திருக்க வேண்டும்!

எஞ்சின் வந்தது. பொருத்திச் சக்கரங்களையும் மாட்டி முடுக்கியதும் வண்டி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு உயிர் பிடித்தது. தொம்மை புதுச்சேரிக்குப் போய்ப் புனிதாவின் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்து கட்டில்மேல் கிடத்தினார். கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாள்தான். வண்டியை மெல்ல முன்னால் நகர்த்திச் சந்தின் வாயில் நிறுத்தினார். புதுப் படிக்கட்டும் தூணும் போக, ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். மாடியில் ஜோஸ்வினின் புது மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியராஜ் வெளியே வரவில்லை.

தொம்மை இறங்கினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து தன் வீட்டுப் பக்கச் சுவரில், அமல்ராணி படுத்திருக்கும் அறையின் சுவரில், ஓங்கி ஒரு குத்து குத்தினார். காரை பெயர்ந்து உள்ளே அமல்ராணியின் போர்வைமேல் விழுந்தது.

"ஏங்க," என்றாள் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "ஊட்ட இடிச்சிட்டு எங்கயும் நான் வரல. இந்தக் கடப்பாரயத் தூக்கற நேரத்துக்கு அங்க போயி 'அண்ணே'ன்னு கூப்புட்டிருக்கலாம்."

இரண்டாவது குத்து விழவில்லை.

அடுத்த கொடியேற்றத்தைத் தொம்மை பார்க்கவில்லை. மாசி மாதம் ஒரு காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோரம் உட்கார்ந்தார். ஜோஸ்வின்தான் அவரைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, சந்து வழியாகக் கொண்டுபோனான். திண்டிவனம் போய்ச் சேரும்முன் முடிந்துவிட்டது.

ஆரோக்கியராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கோடித் துணியும் பெட்டியும் அவரே எடுத்தார். பேனரும் அடித்தார். இருபது அடிக்கு, சிரிக்கும் தொம்மையின் முகம் போட்டு, 'என் உயிரினும் மேலான அன்புத் தம்பி' என்று. கட்ட நல்ல இடம் கிடைக்காமல், தெருவைப் பார்த்த மாடிப்படியின் கைப்பிடியில் கட்டினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் அமல்ராணியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்திருப்பேம்மா. அவன் கேக்கவே இல்ல."

"கேட்டாருங்க மாமா. நாயிகிட்ட கேட்டாரு. ஒங்களுக்குக் காது கேக்கலியா?"

ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சி," என்றார். "நாயிகிட்டத்தான கேட்டான்."

படியை இடித்துவிடுவதாகவும் சொன்னார். மருமகளுக்குப் பிரசவம் ஆகட்டும், மாடிக்கு ஏறி இறங்க வேறு வழியில்லை என்றார். பிரசவமும் ஆயிற்று. படி அங்கேயே இருக்கிறது. வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு காயலாங்கடைக்காரன் வந்து கேட்டுவிட்டுப் போனான். சந்தின் வாயில் யாராவது வந்தால் இப்போதும் மணி எழுந்து நின்று அவர்கள் முகத்தைப் பார்க்கிறது.

சித்திரை வெயிலில் வண்டியின் தகரம் காய்ந்து, கட்டில்மேல் இருந்த மெழுகுவத்தி இளகி நடுவில் வளைந்துவிட்டது. புனிதா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம் முடிந்ததும், "ஆம்புலன்ஸ் ஒண்ணு பேசிப் படுக்க வச்சே கூட்டிக்கினு போறேம்மா. ரெண்டு பேரும் போயி நேர்ச்சய முடிச்சிட்டு வந்துடலாம்" என்றாள்.

அமல்ராணி சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அதை யாரும் இன்னும் பூசவில்லை.

"மூணு பேருன்னு சொல்லிட்டேனே," என்றாள். "நீயும் நானும் போனா நம்ம கடன் தீரும். அந்த மனுசன் கடன நீ எப்பிடித் தீர்ப்ப?"