பெரியப்பாவின் அண்ணன்

'உங்க அண்ணன் செத்துப்போகல... அவரு பொறக்கவே இல்ல.' போன வாரம் என் பெரியப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்?

தப்பு என்னுடையதுதான். குடும்ப வரலாறு எழுதுகிறேன் பேர்வழி என்று இரண்டு வருடம் முன்பு பொம்மிடி பக்கம் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனேன். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை மொபைலில் போட்டோ எடுத்து வந்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால்... சவரிமுத்து, என் பெரியப்பாவின் பெயர். அதே அப்பா, அதே அம்மா, ஒரு வருடம் தள்ளி மறுபடியும் சவரிமுத்து!

எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை தவறிவிட்டால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பது உண்டு. ஞானஸ்நானமோ ஆயுசுக்கு ஒரு தடவைதான். அப்புறம் என்ன சந்தேகம்? முதல் சவரிமுத்து இறந்துவிட்டான், இரண்டாவதுதான் என் பெரியப்பா — நானே தீர்ப்பு எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டேன்.

பெரியப்பா அரூர்–சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். எண்பதை நெருங்குகிறார். வீட்டுக்கு மூத்தவர், தம்பி தங்கைகளை ஒற்றை ஆளாகக் கரையேற்றியவர். "எனக்கும் ஒரு அண்ணனா?" என்றார். அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் அந்த வீட்டில் குடியேறிவிட்டார். மத்தியானம் மாமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் பெரியப்பா. "அவன் என்னைய விட உசரமா இருந்திருப்பான் கண்ணு. நான் பஸ்ல போவன்... அவன் ரோட்டோரம் நின்னு கை காட்டுவான்." கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த மனிதர் தெரிய ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, லேசான தொந்தி, அவசரமில்லாத நடை. கல்லறைத் திருநாளில் அவருக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி வேறு.

போன வாரம் ஒரு சர்டிபிகேட் வாங்க அதே கோயிலுக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டிய ஃபாதர் பக்கத்தின் ஓரத்தில் விரல் வைத்தார். "இதப் பாக்கலீங்களா?"

பொடி எழுத்தில் லத்தீன். என் போட்டோவில் அந்த ஓரம் விழவே இல்லை!

"புள்ள பொழைக்காதுன்னு மருத்துவச்சியே வூட்ல தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க. ஆனா பொழச்சிக்கிச்சு. அந்தம்மா சரியா குடுத்தாங்களான்னு அப்ப இருந்த ஃபாதருக்கு டவுட்டு. 'முன்னாடி குடுத்தது செல்லலைன்னா'ன்னு நிபந்தனை சொல்லி மறுபடியும் குடுத்திருக்காரு. ரெண்டும் ஒரே ஆளுங்க."

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு சொன்னேன்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டு கிழிச்சிருக்காங்க" என்று சிரிக்கப் பார்த்தார் பெரியப்பா. முடியவில்லை. "எனக்கு மூத்தவன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்... அவனையும் எடுத்துட்டியே கண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் போல ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் — உண்மை கிடைத்தால் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொள்கிறவருக்கு அதை வைக்க இடம் இருக்கிறதா என்று யார் யோசிக்கிறோம்?

முந்தாநாள் கல்லறைத் திருநாள். எல்லாக் கல்லறைகளிலும் சின்னச் சின்ன வெளிச்சம், பூ வாசனை, ஊதுபத்திப் புகை. தாத்தா கல்லறையின் கால்மாட்டில், போன வருடம் வைத்த அதே இடத்தில், பெரியப்பா அந்தத் தனி மெழுகுவர்த்தியை நட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"இது யாருக்குங்க பெரியப்பா?"

"அந்தக் கைப்புள்ளைக்குத்தான். பொழைக்காதுன்னு எல்லாரும் கைவிட்டாங்களே... அது பொழச்சதனாலதான நான் இருக்கறன். அப்ப எனக்கு மூத்தவன்தான?"

காற்றில் அணையாதபடி கையைக் குவித்துக்கொண்டு நின்றார். நானும் என் கையைச் சேர்த்து வைத்தேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் திருத்தம் போடவில்லை... போடப்போவதும் இல்லை!