இரண்டு கை, இரண்டு போத்தல்

அக்காவின் வீட்டு வாசற்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருக்கிறாள். கையளவுதான் இருக்கும். குண்டுச் சோடாப் போத்தலின் கழுத்திலுள்ள கண்ணாடிக் குண்டை அமுக்கித் திறக்கிற கட்டை அது. அதன் சோடி அடுப்படியில் இஞ்சி தட்டுகிறது. அக்காவின் கணவரான அத்தான் இந்த இரண்டையும் மடியில் செருகிக்கொண்டுதான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுவதும் தன் பெயரை நாட்டினார்.

அக்காவின் சீதன வளவில், வீட்டுக்குப் பின்னால்தான் சோடா அடித்தோம். கணக்கும் தோணியும் என் பொறுப்பு. சோடாவில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. சீனி, காஸ், எங்கள் கிணற்றுத் தண்ணீர். விசேஷமெல்லாம் அத்தானிடம் இருந்தது. மழை பொய்த்தாலும் அம்மை கண்டாலும் வாவிக்கு அப்பாலுள்ள ஊர்களில் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிப்பார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிறப்பிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும். கொக்கி போன்ற இரு மரக் கொம்புகளைப் பூட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுக்கும். அந்த நாட்களில் ஒரு சேரிக்காரர் தொட்டதை மற்றவர் தொடமாட்டார். அத்தானோ நட்டநடுவில் நின்று, இரண்டு போத்தல்களைக் கால்களுக்கிடையில் இடுக்கி, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் திறப்பார். முதல் இரண்டுக்கும் காசு வாங்கமாட்டார்.

"ரெண்டு சேரிக்கும் ஒரே சத்தம் கேக்கணும் மச்சான். ஒண்டு முந்தினா நம்மட சோடாவுக்கும் ஒரு சேரி வந்திரும்" என்பார். இதற்காக வீட்டில் வெறும் போத்தல்களை வைத்துப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மூளை அந்த மனுஷனுக்கு.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கே வந்து பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தான் தோணியைக் கரையில் கவிழ்த்து வைத்தார். கொம்பு முறிப்புக்கு வரச்சொல்லி ஊரார் ஆள் அனுப்பியும் போகவில்லை. ஒரு பெட்டியாவது கொண்டுபோவோம் என்று நான் கெஞ்சினேன். அக்கா அழாத குறை.

"நம்மட பேர் நிண்டுட்டுது. இனி சனம் தேடி வரும். மறுகா பாப்பம்" என்றார். பெயர் என்ன, நட்ட தென்னையா, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் காய்க்க? அந்த வருடங்களில் வேறொரு சோடாக்காரர் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவருடைய சோடா எங்களுடையதைவிடப் புளிக்கும். ஆனால் அவர் போனார்.

பட்டாளம் போன பிறகு வந்த கொம்பு முறிப்புக்கு, வெடிப்பு விழுந்த தோணியை அடைத்து, சோடாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம். பட்டாளத்தோடு வியாபாரமும் போய்க் கடன் ஏறி, அது விற்றால்தான் வீடு மிஞ்சும் என்ற நிலை. அத்தான் நடுவில் நின்று பழையபடி இரு கைகளாலும் திறந்தார். சத்தம் ஒன்றாகத்தான் கேட்டது. யாரும் கை நீட்டவில்லை. நுரை பொங்கி அவருடைய முழங்கைவரை வழிந்தது.

வடசேரிப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "நாங்க தாகத்தில நிண்ட நேரம் நீங்க வெள்ளைக்காரனுக்கு ஊத்தினீங்க. இப்ப எங்களுக்கு வேற ஆள் இருக்கு தம்பி."

தென்சேரியிலிருந்து, அந்தப் பெரியவர் முகத்தில் முழிக்கவே மாட்டாத ஒருவர் உரக்கச் சொன்னார்: "ஓம், அவர் சொல்றது சரிதான்."

அம்மனுக்கு முன்னால்கூட ஒத்துப்போகாத இரண்டு சேரிகளும் ஒத்துப்போனதை என் ஆயுளில் அந்த ஒருமுறைதான் கண்டேன். அடுத்த மழைக்கு முன் வீடும் வளவும் கிணறும் போயின. சில வருடங்களில் அத்தானும் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அவர் மேலுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. பழகித் தேர்ந்த கையை மடக்கி வைத்துக்கொண்டவர் அவர். அக்கா ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. காற்று அடிக்கும்போது அந்தக் கட்டையைக் காலால் தள்ளி இறுக்குவாள். பெண்ணுக்கென்று வீடு கட்டிக்கொடுக்கிற எங்கள் ஊரில், அவள் முட்டுக் கொடுப்பது வாடகை வீட்டுக் கதவுக்கு.