எழுந்து நிற்கும்போது

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டை ஒட்டிய அறையில் எனக்கு வேலை. ஒரு கட்டில், ஒரு ஈசிஜி இயந்திரம், பாதரச பிபி கருவி, கையால் அழுத்திப் பிடிக்க ஒரு பிடி, வாயால் ஊத ஒரு குழாய், ஐஸ் போட ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. அறையில் இருந்தவை இவ்வளவுதான். டிப்ளமா முடித்து 2008-இல் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஊசி உண்டா?" என்பதுதான். இல்லை என்றதும் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவார்கள்.

அங்கே நாங்கள் பார்த்தது, யாரும் சொல்லாமல் உடம்பு தானாகச் செய்துகொள்ளும் வேலைகளை. ஒரு ஆள் படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் அரை லிட்டருக்குமேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியின் சுவரில் இருக்கும் நரம்பு முனைகள், சுவர் முன்பு போல விரியவில்லை என்று கண்டுகொண்டு மூளைத் தண்டுக்குத் தகவல் அனுப்பும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமெடுக்கும். இவ்வளவும் அவர் செருப்பைத் தேடிக் காலை நுழைப்பதற்குள் நடந்துவிடும். நடப்பது அவருக்குத் தெரியாது. நடக்காதபோதுதான் தெரியும்.

அம்மா கடலூர் முதுநகரில் மீன் விற்றாள். விடிவதற்கு முன் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்து, மார்க்கெட்டில் ஒரு தூணோரமாகச் சாக்கு விரித்து உட்காருவாள். கேட்டால் அரிந்தும் கொடுப்பாள். சுகர் இருப்பது 2004-இல் தெரிந்தது. சில மாதம் மாத்திரை சாப்பிட்டாள், சில மாதம் சாப்பிடவில்லை. அப்பா நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர்.

2010-இல் அம்மா விழ ஆரம்பித்தாள். மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தவள், கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டதும் எழுந்து வாசல்வரை போனாள். நிலைக்கதவில் தலை மோதி விழுந்தாள். இன்னொரு நாள் குளியலறை வாசலில். மாமா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"யக்கா, இனிமே மார்க்கெட் பக்கம் போவ வேணாம். ஈரத் தரையில வுழுந்து மண்டைய ஒடச்சிக்கினா யாரு பாக்குறது? வூட்ல குந்து. நான் பாத்துக்குறேன்."

"நீ பாத்துக்க நான் இன்னா கைக்கொழந்தயா?"

"கொழந்தன்னா அடிச்சி ஒக்கார வச்சிடலாம். ஒன்ன இன்னா பண்றது?"

அத்தை இரண்டு நைட்டி வாங்கிக் கொடுத்தாள். காற்றோட்டமாக இருக்கும், ரெஸ்ட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சௌகரியம் என்றாள். நானும் போனில் மாமா சொன்னதையே சொன்னேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அதிகமாக விழுந்தாள். ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். சுகர் ஆள் விழுந்தால் சுகர் இறங்கிவிட்டது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் இறங்கியே இருக்காது, சர்க்கரைத் தண்ணீர் வேறு சேர்ந்து எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். மாமா போன் செய்யும்போது நான் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருந்தது. தலையில் பட்டதா, ரத்தம் வந்ததா, வாந்தி எடுத்தாளா, எவ்வளவு நேரம் நினைவில்லை.

"இன்னா பாப்பா, போலீஸ்காரி மாரி கேக்குற? பெத்தவ வுழுந்து கெடக்குறா, ஒரு ஐயோ கூட வர்ல ஒனக்கு."

வரவில்லைதான். போனை வைத்துவிட்டு, கட்டிலில் படுத்திருப்பவருக்கு எலக்ட்ரோடு ஒட்டுவேன்.  

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் மேடத்திடம் சொன்னேன். அழைத்து வா என்றார். மாமா அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா ரெஸ்ட்டில் இருக்கிற ஆள் என்பதால் நைட்டியும், மேலே ஒரு துண்டுமாக வந்திருந்தாள். மற்றவர்களுக்குச் செய்யும் அதே வரிசையில் ஆரம்பித்தேன்.

முதலில் மூச்சு. மெதுவாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விடும்போது நிதானமாகும். ஈசிஜி தாளில் கூர்முனைகள் நெருங்கி நெருங்கி விலகுவதைப் பார்க்கலாம். அம்மாவின் தாளில் அவை ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் போல ஒரே இடைவெளியில் வந்தன. எலக்ட்ரோடுகளை எடுத்துவிட்டு, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாக ஒட்டி மறுபடி எடுத்தேன். அதே கட்டைகள்.

அடுத்து குழாயில் ஊதுவது, பிடியை அழுத்துவது. பிறகு ஐஸ் வாளி.

"இதுல கைய வைக்கணுமா? எம்மா நேரம்?"

"முடியிற வரைக்கும் வைம்மா."

அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "மீன் எங்க?"

மேடம் சிரித்துவிட்டார். முந்தின நாள் ஒரு கல்லூரி மாணவன் அதே வாளியில் கையை வைத்துவிட்டு உதறிக்கொண்டு எழுந்து போயிருந்தான். அம்மா மணிக்கட்டு வரை கையை விட்டுவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வாங்குனீங்க இந்த ஐஸ? பாதி தண்ணியா கெடக்குது. கேட்டு வாங்கக் கூடாதா?" என்றாள். குளிரில் ஏற வேண்டிய பிபி ஏறவே இல்லை.

"ஐஸ்லயே வேல செஞ்ச கை," என்றார் மேடம். "இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. விட்டுடு."

அதை மட்டும் விட்டுவிடலாம். மற்றவற்றை விட முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைசியாக எழுந்து நிற்பது. அசையாமல் படுக்கவைத்து ஒரு பிபி எடுத்தேன். பிறகு எழுந்து நிற்கச் சொன்னேன். நான் ஒரு பக்கம், ஆயாம்மா மறுபக்கம். பாதரசம் இறங்கியது. நான் எதிர்பார்த்த இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை. இன்னும் இறக்கினேன், இன்னும் இறக்கினேன். பிபி அவ்வளவு விழுந்திருந்தது. இதயத் துடிப்பு படுத்திருந்தபோது இருந்த அதே வேகத்தில் இருந்தது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒன்னும் பண்ணல. இன்னா பண்ணணும்?"

உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. படபடப்பு, வியர்வை, குமட்டல் என்று மற்றவர்களுக்கு வரும் எச்சரிக்கை எதுவும் அவளுக்கு வரவில்லை. அவற்றைக் கொண்டுவரும் நரம்புகள்தான் போயிருந்தன.

"பாப்பா, லைட்ட ஏன் நிறுத்துன?" என்றாள். முழங்கால் மடங்கியது. இரண்டு பேரும் பிடித்துக் கட்டிலில் சாய்த்தோம். படுத்த உடனே கண் திறந்து, லைட் போட்டாயிற்றா என்பது போலக் கூரையைப் பார்த்தாள்.

எண்களை அதனதன் கட்டத்தில் எழுதினேன். எலக்ட்ரோடுகளைத் துடைத்து வைத்தேன். வாளியைக் கவிழ்த்தேன். மதியம் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தை முழுவதும் சாப்பிட்டேன். சாப்பிட்டது டப்பா காலியானதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மாலையில் மேடம் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். நாள்பட்ட சுகரால் இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் போகிற நரம்புகள் கெட்டுவிட்டன. எழுந்தால் பிபியைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. போன நரம்பு திரும்ப வருவதில்லை.

மாமா நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப மார்க்கெட் வேணாம்தான மேடம்? நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா மதிக்காது."

 வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். "எடம் பூடும்டி. இப்பவே ஒருத்தி நான் சாக்கு விரிக்கிற எடத்துல கூடைய நவுத்தி நவுத்தி வைக்கிறாளாம். அது போச்சின்னா அப்பறம் நான் எதுக்கு? இந்த நைட்டிய மாட்டிக்கினு செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருக்கவா?"

 

மேடம் ஏதோ கையெழுத்து வாங்க வெளியே வந்தவர், போகிற போக்கில் கேட்டார். "மார்க்கெட்ல எத்தன தடவம்மா விழுந்தீங்க?"

"மார்க்கெட்ல நான் எதுக்கு வுழுவுறேன்?" என்றாள் அம்மா, கோபமாக. "வூட்லதான் வுழுவுறேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அவள் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுப் படுத்து எழுந்தபோது. குளித்துவிட்டு நைட்டி மாட்டிக்கொண்டு வந்தபோது. ராத்திரி சாப்பிட்டதும் கை கழுவ எழுந்தபோது. எல்லாம் வீடு. பெரும்பாலும் வயிறு நிறைந்த பிறகு. மார்க்கெட்டில் அவள் இருக்கும் கோலத்தையும் நினைத்துப் பார்த்தேன். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, இடுப்பு வலிக்காக அதற்குமேல் ஒரு பழைய துண்டை அடிவயிற்றிலிருந்து இறுக்கிச் சுற்றியிருப்பாள். குந்தி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருப்பாள். டீயோடு சரி, வீட்டுக்கு வரும்வரை சாப்பாடு கிடையாது.

ரத்தம் வயிற்றில் போய்த் தங்காமல் அந்தத் துண்டு தடுத்திருக்கிறது. இதில் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இந்த நோய்க்கு வயிற்றில் பட்டை கட்டலாம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதை அவிழ்த்துவிட்டு, நைட்டியைக் கொடுத்து, வயிறு நிறையச் சாப்பாடு போட்டுப் படுக்கவைத்திருந்தோம்.

"அடுத்த வாரம் வாங்க," என்றார் மேடம். "மார்க்கெட்டுக்கு எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே வாங்க."

"அன்னக்கூடையும் எடுத்தாரணுமா?" என்றார் மாமா.

அடுத்த வாரம் அம்மா பழைய மார்க்கெட் புடவையும் அந்த இடுப்புத் துண்டுமாக வந்தாள். அறை முழுக்க மீன் வாடை. ஆயாம்மா ஜன்னலைத் திறந்து வைத்தாள். முதலில் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு நிற்கவைத்தோம். பிபி போன வாரம் போலவே விழுந்தது, பாதியிலேயே படுக்கவைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே துண்டைச் சுற்றினாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்த இழுப்பைப் பார்த்து மேடம், "மூச்சு விட முடியுதா?" என்றார். கணுக்காலை மேலும் கீழுமாக அசைக்கச் சொல்லி, பிறகு எழுப்பினோம்.

பிபி இறங்கியது. ஆனால் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி எடுத்தேன். அங்கேயே நின்றது. அம்மாவும் நின்றாள். இதயம் அதே தண்டவாளக் கட்டைகள்தான். அது கடைசிவரை மாறவில்லை.

"இன்னும் எம்மா நேரம் நிக்கிறது? நாலு மணி பஸ்ஸு பூடும்," என்றாள்.

மேடம் நிபந்தனைகள் போட்டார். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. ஓரத்தில் உட்கார்ந்து காலை அசைத்த பிறகுதான். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வைக்க வேண்டும். வீட்டிலும் வயிற்றுக் கட்டு வேண்டும், படுக்கும்போது மட்டும் அவிழ்க்கலாம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. மார்க்கெட்டில் எழுவதற்கு முன் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தலையில் கூடை தூக்கவே கூடாது, மாமா கொண்டுவந்து இறக்க வேண்டும்.

"வுழுந்தா நான் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றார் மாமா.

"கூடையத் தூக்கு. என்னத் தூக்க ஒன்ன எவன் கூப்ட்டான்?"

அன்றைக்கு நானும் அவர்களோடு கடலூருக்குப் போனேன். மாமா முன்சீட்டில் தூங்கிவிட்டார். மேடம் என்னிடம் தனியாகச் சொன்ன ஒன்று மீதி இருந்தது. மாரடைப்பு வந்தால்கூட அம்மாவுக்கு வலி தெரியாமல் போகலாம். இதே செய்தியை மற்ற வீட்டுக்காரர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அதே சொற்களில், அதே குரலில் அம்மாவிடம் சொன்னேன்.

"வலிக்காதா?"

"வலிக்காது."

"நல்லதுதான?"

"நல்லதில்ல. காரணமில்லாம மூச்சு வாங்குனா, தலைய சுத்துனா, ஒடனே மாமாகிட்ட சொல்லணும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பஸ் நின்ற இடத்தில் ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் பேரம் பேசி வாங்கி, சின்னதை எடுத்துக்கொண்டு பெரியதை என்னிடம் கொடுத்தாள். "நீ இதெல்லாம் வயித்துக்குள்ளயே வச்சிக்கிறவ. தின்னு."

அவள் மார்க்கெட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய்ப் பார்த்தேன். தூணோரத்தில் அதே இடத்தில்தான் சாக்கு. கூடையை நகர்த்தி வைத்தவள் ஓர் அடி தள்ளியிருந்தாள். அம்மா முன்னால் சங்கராவும் நெத்திலியும். மீன் நிறுக்க எழ வேண்டிய நேரம் வந்தபோது அவள் உடனே எழவில்லை. குந்தியிருந்தவள் பின்னால் கிடந்த ஒரு பலகைமேல் நகர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். எதிரே நின்ற ஆளிடம் சண்டையை ஆரம்பித்தாள்.

"இந்த சைசு மீன இந்த வெலைக்கு கேக்குறியே, மச்சான் மொறயா நீ எனக்கு? கடல்ல நீ போயி புடிச்சியா? ஐஸு வெல தெரியுமா ஒனக்கு?"

பேசிக்கொண்டே கணுக்கால்களை அசைத்தாள். தூணைப் பிடித்துப் பாதி எழுந்து, அங்கே நின்றபடி இன்னும் கொஞ்சம் திட்டினாள். அந்த ஆளுக்குத் தன்னை எதற்கு இவ்வளவு நேரம் திட்டுகிறாள் என்றே புரியவில்லை. பிறகு முழுதாக எழுந்தாள். நான் ஒரு தராசுக்குப் பக்கத்தில் நின்று அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்கவில்லை. தூணிலிருந்து கையை எடுத்தாள். மீனை நிறுத்து, பையில் போட்டு, சில்லறையை எண்ணி வாங்கி இடுப்பில் செருகினாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி அப்பிடி பாத்துக்கினு நிக்கிற? மீன் வேணும்னா வாங்கு. இல்லன்னா வழிய வுடு, பின்னாடி ஆளு நிக்கிது."